யெல்லோஸ்டோனிலிருந்து பெரும் உப்பு ஏரிக்கு, குழந்தைகளோடு

யெல்லோஸ்டோன் பூங்காவுக்குத் தெற்கே உள்ள ஜாக்ஸன் ஊரிலிருந்து யூஎஸ் 89 சாலையைப் பிடித்தால் போதும். பேர் ஏரி, லோகன் பள்ளத்தாக்கு வழியாக அதுவே ஏரி இருக்கும் யூட்டா மாநிலத்தில் இறக்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள், சூடேறிப் பிடிமானம் போய்விடும். கியரைக் குறைத்து ஓட்டுங்கள்.

பூங்காவுக்குள் காட்டெருமையிடமிருந்து 23 மீட்டர், கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இது விதி. காட்டெருமை வாலை மேலே தூக்கினால் பாயப்போகிறது என்று அர்த்தம். படம் எல்லாம் அப்புறம், முதலில் காருக்குள் ஏறுங்கள்.

உப்பு ஏரிக்கு ஆன்டிலோப் தீவுதான் நல்ல இடம். சிரக்யூஸ் ஊரிலிருந்து ஏரியின் குறுக்கே சுமார் 11 கிலோமீட்டர் கரைச்சாலை. ஏப்ரல் முதல் ஜூன் வரை கடிக்கும் பொடிக்கொசு அங்கே படுத்தி எடுக்கும். முடியோரமாகப் புகுந்து கடிக்கும், பூச்சிவிரட்டி பெரிதாக உதவாது. கைக்குழந்தை இருந்தால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். கரையோரம் கறுப்புப் பாய் விரித்தாற்போல் மொய்ப்பது உப்பு ஈ. கடிக்காது, பயப்பட வேண்டாம்.

தண்ணீரில் தானாகவே மிதப்பீர்கள். கண்ணில் பட்டால்தான் எரிச்சல் தாங்காது, அதனால் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். சிராய்ப்பு உள்ள குழந்தையை இறக்க வேண்டாம். மணலைக் கொஞ்சம் உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள்: ஒவ்வொரு மணியும் குட்டி முத்துபோல உருண்டை. சுண்ணாம்புச் சத்து அடுக்கடுக்காகப் படிந்து உருவானது அது.