மழையில் திறக்காத பெட்டி

தாத்தா சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர். அவருடைய சாமான்கள் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுப் பரணில் ஒரு கோணிக்குள் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தன. கீழே இறக்கியபோது உளிகள் துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற வீட்டில் இரும்பைக் கோணியில் போட்டால் அப்படித்தான் ஆகும். துருவைத் தேய்த்து எடுத்தேன், சாணை பிடித்தேன். மறுபடி கோணியில் போட மனசு வரவில்லை. அந்தக் காலத்து ஆசாரிகள் வைத்திருந்த மாதிரி, பெரிய மூடி வைத்த மரப்பெட்டி ஒன்றை மிஷின் இல்லாமல் செய்து பார்க்கலாம் என்று சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஆரம்பித்தேன்.

முதலில் அளவு. பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, எல்லாச் சாமான்களையும் அடுக்கி, சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். நான் அறுக்கும் வாளை அளந்தபோது அலகை மட்டும் அளந்தேன், பிடியை விட்டுவிட்டேன். நல்லவேளையாக அறுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கடைசியில் 32 அங்குல நீளம், 16 அகலம், 13 உயரம் என்று முடிவாயிற்று.

மரத்துக்கு ராயபுரம் பக்கம் ஒரு பழைய மரக்கடையில் ஆறு பேலட், அதாவது சரக்கை அடுக்குகிற மரத் தட்டு, வாங்கினேன். துறைமுகத்தில் சரக்கோடு வந்து இறங்குகிற பைன் மரம். வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னம் இருக்கும். பக்கத்தில் ஹெச்.டி. (HT) என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி, குறைந்தது 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது விதி. பூச்சிக்காகச் செய்வது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதை நான் தொடவில்லை. எண்ணெய்க் கறை பிடித்ததையும் ஒதுக்கிவிட்டேன்.

ஆணி பிடுங்குவதிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஆணிதான் எமன். இழைப்புளியின் அலகு அதில் பட்டால் பல் விழுந்துவிடும். இரண்டு முறை பட்டேன். அப்புறம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகுதான் இழைத்தேன்.

பேலட் பலகை நாலு அங்குலத்துக்குச் சற்று மேல்தான் அகலம். ஒரு சுவருக்கு மூன்று பலகையைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டியிருந்தது. கிளாம்ப் இல்லை. கயிற்றைச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். பிடித்துக்கொண்டது.

மூலைகளுக்குப் ‘புறா வால்’ இணைப்பு. ஒரு பலகையின் முனை புறா வால் மாதிரி விரிந்திருக்கும், மற்றதில் அதற்கேற்ற பள்ளம். பைன் மாதிரி மெது மரத்துக்கு 6-க்கு 1 சாய்வு, தேக்கு மாதிரி கெட்டி மரத்துக்கு 8-க்கு 1 என்பது வழக்கம். ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டி அளவுத் தகடு செய்துகொண்டேன். மூலைக்கு ஐந்து வால், ஆக இருபது. வாலை முதலில் அறுத்து, அதையே இன்னொரு பலகையின் மேல் வைத்துக் கத்தி முனையால் கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாக அளந்தால் ஒருபோதும் சேராது. வெட்டி எடுக்க வேண்டிய பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போடாமல், நிற்க வேண்டிய பக்கத்தை அறுத்து ஒரு பலகையை வீணாக்கினேன். முதல் மூலையைப் பார்த்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நாலாவது மூலையை வருகிறவர்களிடம் காட்டுகிறேன்.

அடிப்பலகைகளைக் குறுக்குவாட்டில் போட்டு, ஒட்டாமல் ஆணி மட்டும் அடித்தேன். ஈரத்தில் உளுத்துப்போனால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றலாம். கைப்பிடிக்குக் காசிமேட்டில் படகுக் கயிறு வாங்கி, பக்கத்துக்கு இரண்டு ஓட்டை போட்டு உள்ளே முடிச்சிட்டேன்.

மூடியில்தான் புத்தியைக் கோட்டை விட்டேன். பலகைகளை ஒட்டி ஒரே தட்டாக்கி, அது சுவர்களுக்கு உள்ளே சமமாக உட்காரும்படி செய்தேன். சுற்றிலும் ஒரு போஸ்ட் கார்டு நுழையும் இடைவெளி. அலமாரிக் கதவு மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மூடியின் மேல் அம்மா பொரித் தட்டையும் வைத்தார். அன்றைக்குச் சாமானைத் தொடக்கூடாது என்பதால் உள்ளேயே பூட்டி வைத்தேன்.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. தொடர்ந்து எட்டு நாள். ஜன்னல் கதவு ஒன்று இடித்தது. சரி, இரண்டு இழுப்பு இழைத்துவிடலாம் என்று பெட்டியைத் திறக்கப் போனால் மூடி அசையவில்லை. நெம்ப உளி வேண்டும். உளி பெட்டிக்குள் இருக்கிறது. கீல் திருகுகளும் மூடினால் உள்ளே மறைந்துவிடுகிற ரகம். கடைசியில் எதிர்வீட்டு மெக்கானிக் தம்பியிடம் டயர் லீவர் இரண்டு வாங்கி நெம்பினேன். திறந்தது, மூடியின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துகொண்டு.

காசிமேட்டில் மரப்படகு பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரை, கயிறு வாங்கப் போனபோதிலிருந்து பழக்கம். இப்போது ஃபைபர் படகுகள்தான் அதிகம் என்றாலும் அவருக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. பிளந்த மூடியை ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப் போனேன். பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா தம்பி, கடல்ல வுடப் போறியா இத்த?"

"இல்லண்ணே, மழையில உப்பிப் பூட்டிக்கிச்சு."

"உப்பத்தான் செய்யும். படகுப் பலகை தண்ணி குடிச்சி உப்பினாத்தான் எங்களுக்கு இடுக்கு அடைபடும். பஞ்சுத்திரி அடிச்சி வுட்டுட்டு, மிச்சத்தக் கடல் பாத்துக்கும். உன் பொட்டி உப்பினா எங்க போவும்? எடம் குட்த்தியா நீ?"

மரம் நாரோட்டத்தில், அதாவது நீளவாக்கில், கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய இல்லை. அகலவாக்கில்தான் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். என் பெட்டியின் பக்கச் சுவர்களில் நார் முன்னும் பின்னுமாக ஓடுகிறது, ஆகவே பெட்டியின் அகலம் மாறவே மாறாது. மூடியில் நார் நீளவாட்டில் ஓடுகிறது, ஆகவே அதன் அகலம் முழுவதும் விரியும். அளந்து பார்த்தேன். மே மாதம் செய்த மூடி ஒரு நூலுக்கு மேல் பெருத்திருந்தது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது ஆசாரிக் கணக்கு. போஸ்ட் கார்டு இடைவெளி எந்த மூலைக்கு?

பெரியவர் வேறு மூடியெல்லாம் வரைந்து காட்டவில்லை. "உங்க தாத்தா வூட்டு வாசக்கதவப் போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். நான்கு பக்கமும் சட்டம், சட்டத்தின் உள்விளிம்பில் காடி என்கிற நீளப் பள்ளம், காடிக்குள் பலகை சும்மா நிற்கிறது. பசை இல்லை, ஆணி இல்லை. சட்டம் குறுகலானது, அதனால் கதவின் அளவு பெரிதாக மாறாது. பலகை தன் பாட்டுக்குக் காடிக்குள் விரிந்து சுருங்கிக்கொள்ளும். நாற்பது வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது மூடிக்கு வால்டாக்ஸ் ரோட்டில் பழைய தேக்குச் சட்டம் வாங்கினேன். வால் டாக்ஸ் என்றால் மதில் வரி. நகர மதில் கட்டும் செலவுக்கு வரி போட நினைத்து, கடைசியில் வசூலிக்காமலே விட்ட கதை அந்தத் தெருப் பெயரில் இருக்கிறது. மரக்கடைக்காரர்கள் விலையில் அப்படி விடுவதில்லை. இரண்டரை அங்குலச் சட்டம், மூலைகளில் ஒன்றின் நாக்கு மற்றதன் துளைக்குள் நுழைகிற இணைப்பு, மூன்று நூல் ஆழக் காடி, உள்ளே பைன் பலகை. இந்த முறை மூடி சுவருக்குள் அல்ல, சுவரின் மேல் உட்காருகிறது. தூசி போகாமல் விளிம்பில் ஒரு பட்டி.

உள்ளே தேங்காய் எண்ணெய் மட்டும் போடாதீர்கள், பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெயை ஒரு துணியில் நனைத்து உளிகளைத் துடைத்து வைத்தால் போதும். வெளியே பச்சைச் சாயம் அடித்தேன்.

சாயத்தைப் பலகையைக் காடிக்குள் விடுவதற்கு முன்பே அடித்திருக்க வேண்டும். நான் மூடியை முழுதாகச் சேர்த்த பிறகு அடித்தேன். அதனால் வெயில் காலத்தில் பலகை சுருங்கும்போது, சட்டத்தை ஒட்டி அரை நூல் அகலத்துக்குச் சாயம் படாத வெள்ளைக் கோடு தெரிகிறது. ஐப்பசி மழை ஆரம்பித்த இரண்டாவது வாரம் அது காடிக்குள் போய்விடுகிறது.