264 சதுரங்கள்: நேஸின் ‘ஷோட்டர்’ படத்தைத் திரும்ப வரைந்து பார்த்தேன்

நிரல் எழுதிப் படம் வரையப் பழகுகிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் ‘ஷோட்டர்’ (ஜெர்மனில் சரளைக் கல்) படத்தில் வந்து நிற்பார்கள். நானும் வந்துவிட்டேன். ஜெர்மனியில் சீமென்ஸில் வேலை பார்த்த கேயோர்க் நேஸ் 1968-இல் செய்த படம் அது. நிரல் அவருடையது, கோடு போட்டது பிளாட்டர் என்ற வரைபொறியின் பேனா. வரிசைக்கு 12 சதுரம், மொத்தம் 22 வரிசை. மேலே எல்லாம் ஒழுங்காக நிற்கும். கீழே இறங்க இறங்கச் சாய்ந்து, நகர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடைசியில் கொட்டி வைத்த சரளைக் கல் போல ஆகிவிடும்.

படம் வரைய உதவும் பி5.ஜேஎஸ் என்ற நிரல் தொகுப்பில் எழுதினேன். விதி ரொம்பச் சின்னது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு தொடர் எண். அந்த எண்ணை 264-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்தச் சதுரத்துக்குக் கிடைக்கும் சுதந்திரத்தின் அளவு. அதற்குள் எவ்வளவு நகர்வது, எவ்வளவு திரும்புவது என்பதைத் தற்போக்கு எண், அதாவது கணினி குருட்டாம்போக்கில் எடுக்கும் எண், முடிவு செய்யும். கடைசிச் சதுரம்கூட அதிகபட்சம் தன் பக்க நீளத்தில் பாதி தூரம்தான் நகரலாம், இரு பக்கமும் 45 பாகைதான் திரும்பலாம். பார்க்க அவ்வளவு கலவரமாக இருக்கிற படத்துக்கு இவ்வளவு கறாரான எல்லையா என்று ஆச்சரியமாக இருந்தது. நகர்வை ஒரு முழுப் பக்க நீளமாகக் கூட்டிப் பார்த்தேன். படம் செத்துவிட்டது. எந்தச் சதுரம் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற தடயமே இல்லை. கலைந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் பழைய இடம் கொஞ்சமாவது தெரிய வேண்டும். அந்தப் பாதிப் பக்கக் கணக்கில்தான் படமே இருக்கிறது.

கோட்டின் தடிமனும் படுத்தியது. திரையில் ஒரு பிக்சல் கோடு போட்டால் நேர்க்கோடு கறுப்பாகவும் சாய்ந்த கோடு சாம்பலாகவும் தெரிகிறது. அதனால் கீழ்ப்பாதி வெளிறிப் போகிறது. படத்தைப் பிக்சலாக இல்லாமல் கோடாகவே சேமிக்கும் எஸ்விஜி கோப்பாக எடுத்து அச்சிட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம், ஒரு முறை வரைந்ததும் நிறுத்தச் சொல்லும் நோலூப் கட்டளையைப் போடாமல் விட்டால் நிரல் நொடிக்கு 60 முறை புதிதாக வரையும், கீழ்ப்பக்கச் சதுரங்கள் குளிரில் நடுங்குவது போல இருக்கும். அழகுதான், ஆனால் அது வேறு படம்.

சரி, இப்போது என் கையில் இருப்பது யாருடைய படம்? தற்போக்கு எண்கள் வேறு, ஆகவே என் சதுரங்களில் ஒன்றுகூட நேஸின் சதுரம் நிற்கிற மாதிரி நிற்கவில்லை. இருந்தாலும் இது அவர் படம்தான். நான் செய்தது அவருடைய தாயக்கட்டையை எடுத்து இன்னொரு முறை உருட்டியது. வண்ணம் பூசினால் மாறுமா என்று அதையும் பார்த்தேன். சதுரங்களுக்குள் ஒளி ஊடுருவும் சிவப்பும் மஞ்சளும். கூட்டம் சேர்க்கும் படமாக ஆனது, என்னுடையதாக ஆகவில்லை.

இந்தக் குழப்பம் கணினிக் கலை பிறந்தபோதே கூடப் பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மைக்கேல் நோல் 1964-இல் டச்சு ஓவியர் மோந்திரியானின் 1917-ஆம் ஆண்டுக் கோட்டு ஓவியம் ஒன்றைப் பார்த்து, நெடுக்கும் குறுக்குமான சிறு கோடுகளைத் தற்போக்காகத் தூவும் நிரல் எழுதினார். இரண்டையும் 100 பேரிடம் காட்டியதில் 59 சதவீதம் பேருக்குக் கணினிப் படம்தான் பிடித்தது. எது கணினி வரைந்தது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 சதவீதம் பேர். அதே நோல் தன் இன்னொரு படத்துக்குப் பதிப்புரிமை கேட்டபோது, இயந்திரம் செய்தது என்று அமெரிக்கப் பதிவு அலுவலகம் முதலில் மறுத்திருக்கிறது. ஜெர்மனியின் கணினிக் கலைஞர் ஃப்ரீடர் நாகே 1965-இல் பால் கிளேயின் ஓவியத்திலிருந்து எடுத்த படத்துக்குத் தலைப்பிலேயே கிளேக்கு மரியாதை என்று போட்டுவிட்டார். எனக்கு நாகேயின் வழி பிடித்திருக்கிறது. மூலத்தை மறைக்காதவருக்குத்தான் அதை மாற்றவும் துணிவு வரும். நம் இலக்கணக்காரர்கள் முதல் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: முன்னோர் முடிவோடு ஒத்துப்போய், பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். வேறுபாடு இல்லாவிட்டால் அது வெறும் படி.

ஆகவே விதியில் கை வைத்தேன். நேஸிடம் ஒவ்வொரு சதுரமும் தனித்தனியாகக் கலைகிறது, பக்கத்துச் சதுரத்துக்கு என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது. என் நிரலில் ஒவ்வொரு சதுரமும் தனக்கு மேலே இருப்பதன் சாய்வை வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ கீழே தள்ளுகிறது. சரளை போய்விட்டது. அதற்குப் பதில் நெடுக நெடுகச் சுவர் விரிசல்கள். ஐந்தாவது வரிசையில் இலேசாக இடப்பக்கம் சாய்ந்த ஒரு சதுரம், பதினெட்டாவது வரிசைக்குள் மேலிருந்து கீழான ஒரு பத்தி முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது. சில ஓட்டங்களில் ஒரு பத்தி கடைசி வரை நிமிர்ந்தே நின்றுவிடுகிறது, அதன் இரு பக்கமும் சரிந்து கிடக்கும். நேஸின் படத்தில் இது நடக்கவே நடக்காது.

நேஸ் இறந்தது 2016-இல். ஜெர்மன் சட்டப்படி அவர் படத்தின் உரிமை 2086 முடிய இருக்கிறது. அதனால் அச்சு அசலாக இருந்த முதல் வடிவம் என் மேசைக்கு மேலே சுவரில் மட்டும். வெளியே காட்டுவது விரிசல் படத்தை. அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: “விதி: கேயோர்க் நேஸ், 1968. மாற்றம்: சாய்வு மேலிருந்து இறங்குகிறது.” அடுத்து நகர்வையும் அதேபோல் இறக்கிப் பார்க்க வேண்டும், இப்போதைக்குக் கடைசி வரிசை தாளை விட்டே வெளியே ஓடுகிறது.