டார்க் ரெஞ்சும் பத்துக் கிலோ எடையும்

எங்கள் பட்டறையின் டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டை முறுக்கும்போது நாம் அமைத்த முறுக்குவிசையை எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் ஸ்பானர், ஆண்டுக்கொரு முறை காலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) ஆய்வகத்துக்குப் போகிறது. இடையில் அது கீழே விழுந்தால், அளவு மாறிவிட்டதா என்று பார்க்க, சதுர முனையை வைஸில் கவ்வவைத்து, தண்டைக் கிடைமட்டமாக நிறுத்தி, முனையின் மையத்திலிருந்து அரை மீட்டரில் அமையும் கைப்பிடி நடுவில் 10 கிலோ எடையை மெல்லத் தொங்கவிடுவேன். கணக்குப்படி முறுக்குவிசை 49 நியூட்டன் மீட்டர். ஆனால் ரெஞ்சின் சொந்த எடையும் சேர்ந்து இழுக்கும்: ஒன்றரைக் கிலோ ரெஞ்சின் எடைமையம் முனையிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தால், ஏறக்குறைய 3 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரநிலை இவ்வகை ரெஞ்சுக்கு அனுமதிக்கும் 4 சதவீதப் பிழையைவிட இது அதிகம். இதை மறந்து நல்ல ரெஞ்சொன்றைப் பழுதென்று ஒதுக்கியிருக்கிறேன். இப்போது ரெஞ்சில் அமைக்கும் அளவை 48இல் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, 52ஐ ஒட்டிக் ‘கிளிக்’ ஓசை நிற்கிறதா என்று பார்க்கிறேன். வெகுவாக விலகினால் உடனே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.