கெக்கோ தொட்டியில் தண்ணீர்: முதலில் சொட்டு, பிறகு அருவி

கிரெஸ்டட் கெக்கோ தென் பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியாவின் பல்லி. அழிந்தேபோனதாகக் கருதப்பட்டு, 1994-இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட இனம். இதற்கு இமை கிடையாது. கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். தண்ணீரையும் பெரும்பாலும் நக்கித்தான் குடிக்கும். இலையிலும் கண்ணாடியிலும் நிற்கும் துளிகளை இரவில் தேடி வரும். ஆகவே அதை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் எத்தனை மணி நேரம் துளி நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். மோட்டார் வைத்து ஓட்டும் சின்ன அருவி அதற்குப் பிறகுதான்.

(லெப்பர்ட் கெக்கோ வைத்திருப்பவர்களுக்கு அருவியே வேண்டாம். அது வறண்ட பாறை நிலத்துப் பிராணி. ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணமும், ஈரப் பாசி வைத்த மூடிய டப்பா ஒன்றும் போதும்.)

சொட்டுக்கு மருந்துக் கடையில் விற்கும் புதிய சலைன் செட் ஒன்றே போதும். ஒரு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்துத் தொட்டிக்கு மேலே மாட்டி, குழாயை வலை மூடி வழியாக அகன்ற இலைக்கு நேரே விடுங்கள். மணி பிளாண்ட் நன்றாகத் தாங்கும். பொதுவாகக் கிடைக்கும் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 20 சொட்டு வைத்தால் மணிக்கு 60 மில்லி; விளக்கு அணைந்தபின் இரண்டு மணி நேரம் ஓடினால் 120 மில்லி. காற்று புக, கவிழ்த்த பாட்டிலின் மேற்பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் உண்டாகிச் சொட்டு நின்றுவிடும். பாட்டிலில் மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும். பாதியில் ஒருமுறை, சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குழாய்த் திருகைச் சரிபார்க்க வேண்டும்.

அருவி வேண்டுமென்றால் வேலை அடித்தளத்தில் தொடங்குகிறது. 45×45×60 செ.மீ. தொட்டியில், பிவிசி குழாய்த் துண்டுகளைக் கால்களாக நிறுத்தி 7 செ.மீ. உயரத்தில் பிளாஸ்டிக் கட்டச் சட்டத்தைப் பொருத்துங்கள். அதன்மேல் நைலான் கொசுவலை, வலைமேல் மண். அடியில் 5 செ.மீ. தண்ணீர், அதாவது ஏறக்குறைய 10 லிட்டர். தண்ணீருக்கும் மண்ணுக்கும் நடுவே 2 செ.மீ. காற்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இது போனால் மண் அழுகி, வேர் அழுகி, முட்டை நாற்றம் கிளம்பும். கதவுக்குக் கீழே உள்ள கண்ணாடித் தடுப்பின் உயரத்தை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். அது 10 செ.மீ. என்றால் முன்புறம் 3 செ.மீ. மண்தான் இடலாம், பின்புறம் மேடாக்கிக்கொள்ளலாம்.

தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரின் பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தை அப்படியே நம்பாதீர்கள். 60 செ.மீ. என்றால், அந்த உயரத்தில் வரத்து பூஜ்யம் என்று அர்த்தம். 30 செ.மீ. ஏற்ற வேண்டுமானால் அதைப் போல் இருமடங்கு உயரம் போட்டது வேண்டும். மணிக்கு 200 லிட்டர் மோட்டாரை வால்வு வைத்துக் குறைத்து ஓட்டலாம். தண்ணீர் சுவரை ஒட்டி வழிய வேண்டும், தெறிக்கக் கூடாது. மோட்டாரைத் துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து, உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் சுற்றுங்கள். தீனிக்கு விட்ட சில்வண்டு ஒன்று உள்ளே போனாலே மோட்டார் நின்றுவிடும். டப்பாவுக்கு மேலே மண் போடாமல், கையை விட்டு எடுக்கும் அளவுக்கு ஒரு மூடி விடுங்கள். மாதம் ஒருமுறையாவது மோட்டாரை வெளியே எடுக்க வேண்டிவரும்.

நிறைய அருவிகள் பாழாவது ஒரே காரணத்தால்தான். தேங்காய் நார்த் துகளோ பாசியோ ஓடும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது இரவெல்லாம் தண்ணீரை இழுத்து மண்ணில் சேர்த்துவிடும். காலையில் மண் சேறு, அடியில் மட்டம் இறங்கி மோட்டார் வறண்டு ஓடிக்கொண்டிருக்கும். அருவிப் பாதையின் இரு கரையிலும் சிலிக்கான் வரப்பு கட்டி, மண்ணை 3 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கானாக இருக்க வேண்டும். வினிகர் நெடி முழுவதும் அடங்கும்வரை, ஒரு வாரமானாலும், பல்லியை உள்ளே விடக் கூடாது.

கீழே தேங்கும் குட்டை 2 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். கூழாங்கல் நிரப்பி, ஏறி வர ஒரு மரப்பட்டையைச் சாய்த்து வையுங்கள். குஞ்சுகள் இருக்கும் தொட்டியில் குட்டையே கூடாது.

இரவில் ஈரப்பதம் 80 சதவீதம் வரை ஏறலாம். பகலில் 50-க்கு அருகே இறங்கியாக வேண்டும். நாள் முழுக்க ஓடும் அருவி இந்த இறக்கத்தைக் கெடுக்கும். நண்பகலிலும் கண்ணாடி வியர்த்திருந்தால் மோட்டார் நேரத்தைக் குறையுங்கள், மூடியின் வலையைத் திறந்து விடுங்கள். டைமர் போட்டு மாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். அறை 28 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரை நம்ப வேண்டாம். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் கெடுதல். அறையைத்தான் குளிர்விக்க வேண்டும்.

புகை கிளப்பும் அல்ட்ராசோனிக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீரில் உள்ள உப்பையும் கிருமியையும் அப்படியே காற்றில் ஏற்றும் கருவி அது. பல்லி அதைத்தான் மூச்சில் இழுக்கும்.

எச்சம் விழுந்த தண்ணீரைத்தான் அருவி சுற்றிச்சுற்றி ஓட்டுகிறது, பல்லி அதையும் நக்கும். வாரம் கால்பங்கு மாற்றுங்கள். இதற்கென்று மூலையில் ஒரு குழாயை அடித்தளம்வரை இறக்கி வைத்தால் உறிஞ்சி எடுப்பது எளிது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், குளோரமின் (குளோரினோடு அம்மோனியா சேர்ந்தது) போகாது. அதற்கு மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கிதான் வேண்டும். போர்த் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைக் கறை படியவிடும். சொட்டுக்கும் அருவிக்கும் ஆர்ஓ தண்ணீர் நல்லது.

மின்கம்பி பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுக்கட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு வாரம் பல்லி இல்லாமல் ஓட்டுங்கள். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு, தினமும் பாருங்கள். கோடு சட்டென்று இறங்கினால், அருவிக்குப் பக்கத்து மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால், எங்கோ பாசி கரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.