ஜிம்மில் போட்ட ஊசியும் ரிப்போர்ட்டில் வந்த பூஜ்யமும்

கல்யாணமாகி மூணு வருஷம், செம்பூரில் வாடகை வீடு. "ஏதாவது விசேஷம் உண்டா" என்று ஊரிலிருந்து போன் வந்தால் கேள்வி என் மனைவிக்குத்தான். தைராய்டு, ஸ்கேன், மருந்து செலுத்திக் கருக்குழாயைப் பார்க்கிற எக்ஸ்ரே என்று ஒரு வருஷம் அலைந்தாள். அந்த எக்ஸ்ரே முடிந்து லோக்கல் ரயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நின்று வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. குழந்தை இல்லாத தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாதுங்காவில் இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் முதல் நாளே "உங்க டெஸ்ட் எங்கே சார்?" என்றார். விந்துப் பரிசோதனை; 2 முதல் 7 நாள் விலகி இருந்துவிட்டு விந்து மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்கணும், மும்பை டிராஃபிக்கை நம்பி அதெல்லாம் ஆகாது என்று அங்கேயே கொடுத்தேன். வெளியே ஒருத்தர் "ஹோ கயா க்யா?" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார், அதை மட்டும் மறக்கவே முடியாது.

மில்லிக்கு 1.6 கோடி விந்தணுவாவது இருக்கணும். எனக்குப் பூஜ்யம். சில வாரம் கழித்து மறுபடி எடுத்தும் அதே பூஜ்யம்.

பொன்னுக்கு வீங்கி வந்ததா, சிகரெட் உண்டா, சூட்டில் நின்று வேலையா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், வெரிகோசீல், அதாவது விரைப்பை ரத்தக்குழாய் வீக்கம், இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, கடைசியில்தான் "ஜிம்?" என்றார். எட்டு மாதமாக டிரெயினர் கையால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஆண்மை ஊசி ஆண்மையைக் கெடுக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அந்த ஹார்மோன் வெளியிலிருந்து வந்து விழுந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி 'அதான் நிறைய இருக்கே' என்று, விரைக்கு உத்தரவு போடும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோனையும் அடக்கிவிடுமாம், அவை இல்லாமல் விரையில் விந்தணு உருவாகாது. இதே டெஸ்டோஸ்டிரோனை வாரம் 200 மில்லிகிராம் ஊசியாக ஆண்களுக்குக் கருத்தடையாகவே சோதித்து, 1990-ல் உலக சுகாதார நிறுவனம் முடிவையும் வெளியிட்டிருக்கிறது. நான் அதைக் காசு கொடுத்துப் போட்டிருக்கிறேன்!

ரத்தப் பரிசோதனையில் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டும் அடிமட்டத்தில் இருந்தன. அதுதான் நல்ல சேதி என்றார் டாக்டர். எஃப்எஸ்ஹெச் எகிறியிருந்தால் விரையே பழுது என்று சந்தேகப்படணும், இங்கே உத்தரவுதான் வரவில்லை, வேலை செய்கிற இடம் நன்றாகவே இருக்கிறது என்றார்.

ஊசியை நிறுத்தினேன், அவர் எழுதிக்கொடுத்த, எல்ஹெச் போலவே விரைக்கு உத்தரவு போடும் ஹெச்சிஜி ஊசி தொடங்கியது. உடம்பு தளர்ந்தது, காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன், அதையும் அவள்தான் தாங்கினாள். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும் என்பதால் மாதாமாதம் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நாலாம் மாதம் பூஜ்யம், ஏழாம் மாதம் 40 லட்சம், பத்தாம் மாதம் 1.9 கோடி.

அன்று ராத்திரி அம்மா போனில், மருமகளுக்கு லேகியம் அனுப்பட்டுமா என்றாள். "பிரச்சினை எனக்கும்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சாப்பிட்டியாடா" என்றாள்.