எஸ்.எஸ். 433: ஃபில்டர் பெயர் இல்லாததால் போன ஐந்து வாரம்

ஒருவழியாக எஸ்.எஸ். 433 என்ற இரட்டை விண்மீனின் கிரகணப் பள்ளத்தை, அதாவது ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது பொலிவு இறங்குவதை, என் வரைபடத்தில் பார்த்துவிட்டேன். ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. அதில் ஐந்து வாரம் அநியாயமாகப் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

படமெடுப்பதில் சிக்கல் இல்லை. விண்மீனின் ஒளித்தரம் (பொலிவின் அளவு, எண் கூடக் கூட மங்கல்) ஏறத்தாழ 14. வி ஃபில்டர் (பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்ட சிசிடி கேமரா போதும். மேகத்தால் பல இரவுகள் விட்டுப்போனதால் இன்னொரு நோக்காளரின் அளவுகளையும் வாங்கிச் சேர்த்தேன். உடனே விண்மீன் ஒரு ஒளித்தரத்துக்கும் மேல் பிரகாசமாகிவிட்டது! ஒளியின் வேகத்தில் 26 சதவீத வேகத்தில் வாயுத் தாரைகளை வீசும் இரட்டை இது, திடீர்ப் பொலிவு இதற்குப் புதிதல்ல. அதனால் நம்பிவிட்டேன்.

அவர் கோப்பில் ஃபில்டர் பெயரே இல்லை. கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. கடைசியில் நானே ஒரே இரவில் ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்துப் பார்த்தேன். அதே தாவல்! இடையிலுள்ள தூசி இந்த விண்மீனின் நீல ஒளியை விழுங்கிவிடுவதால் அது மிகவும் சிவந்து தெரிகிறது. ஃபில்டர் இல்லாத கேமரா அந்தச் சிவப்பையெல்லாம் வாங்கிக்கொள்கிறது, பொலிவை ஒப்பிட்டு அளக்கப் பயன்படும் ஒப்பீட்டு விண்மீன்களோ அவ்வளவு சிவப்பில்லை. யாரிடம் அளவு வாங்கினாலும் ஃபில்டர், ஒப்பீட்டு விண்மீன், நேரம் உலக நேரமா உள்ளூர் நேரமா என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அவருடைய அளவுகளை நீக்கிவிட்டு, இரட்டையின் சுற்றுக்காலமான 13.08 நாளுக்கு மடித்துப் பார்த்தேன், அதாவது எல்லாச் சுற்றுகளின் புள்ளிகளையும் ஒரே சுற்றின் மேல் அடுக்கினேன். பள்ளம் இல்லை, வெறும் புள்ளிச் சிதறல். அப்புறம்தான் உறைத்தது: இரட்டையில் ஒன்றைச் சுற்றியிருக்கும் வாயுத் தட்டு பம்பரம்போல் தலையாட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 162 நாள். தட்டு நம்மை நோக்கிச் சாயும்போது மொத்தப் பொலிவே ஏறுகிறது, விளிம்பு காட்டும்போது இறங்குகிறது. முதலில் அந்த மெதுவான ஏற்ற இறக்கத்தைக் கழிக்க வேண்டும், மடிப்பதெல்லாம் பிறகுதான். கழித்தேன். துணை விண்மீன் தட்டை மறைக்கும் இடத்தில் புள்ளிகள் அழகாகக் கீழே இறங்கி நின்றன.

இன்னொன்று. கிரகண இரவில் மேகம் வந்தால் அடுத்த வாய்ப்பு 13 நாள் கழித்துத்தான். எனக்கு இரண்டு முறை தொடர்ந்து போனது. கிரகணத்துக்கு முந்தைய, பிந்தைய இரவுகளிலும் எடுத்து வையுங்கள். பள்ளம் அகலமானது, ஓரங்களாவது கிடைக்கும்.