மந்திரவாதியின் கோட்டும் கிளைட் புருக்மனும்

புகையிரதத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா உவர்மலையில் எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் இருக்கிறார். இளம் வயதில் நீராவி எஞ்சின்களைத் துடைத்துத் துப்புரவாக்கும் வேலையில் தொடங்கியவர் என்பதால், 1926இல் வந்த ‘தி ஜெனரல்’ என்ற பேசாப்படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். காதலி ஒதுக்கிவிட்ட துயரத்தில், நாயகனாக நடிக்கும் நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் எஞ்சின் சில்லுகளை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் குந்தியிருக்கிறார். வண்டி மெல்ல நகரத் தொடங்குகிறது. தண்டோடு சேர்ந்து மேலும் கீழுமாகப் போய்வருவதைக்கூட அவர் உணரவில்லை. எல்லோரும் சிரிக்கும் அந்த இடத்தில் பெரியப்பா சிரிக்கவில்லை. “நீராவி ஒரு பிடி கூடினாலும் சில்லு வழுக்கிச் சுத்தும். ஆள் போயிடும், தம்பி” என்றார். படப்பிடிப்பின்போது எஞ்சின் ஓட்டுநரும் கீட்டனிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருக்கிறார்.

படத்தின் தொடக்க அட்டையில், எழுதி இயக்கியவர்கள் என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. முதலாவதான கீட்டனின் பெயரை உலகம் அறியும். இரண்டாவது பெயர் கிளைட் புருக்மன். 1894இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாடினோவில் பிறந்து, பத்திரிகைகளுக்கு விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்து, 1921 அளவில் கீட்டனின் குழுவில் பகிடி யோசிப்பவராகச் சேர்ந்தவர். ‘அவர் ஹொஸ்பிற்றாலிற்றி’, ‘ஷேர்லொக் ஜூனியர்’, ‘தி நெவிகேற்றர்’, ‘செவன் சான்சஸ்’ ஆகியவற்றின் எழுத்தில் அவருக்குப் பங்குண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862இல், வடபகுதிப் படையினர் ஒரு எஞ்சினைக் கடத்திக்கொண்டு ஓடிய உண்மைச் சம்பவம் பற்றிய புத்தகத்தைக் கீட்டனிடம் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. ‘தி ஜெனரல்’ அதிலிருந்துதான் பிறந்தது. ஒரேகனில் உண்மையான எஞ்சின் ஒன்றை எரியும் பாலத்தோடு ஆற்றுக்குள் விழுத்திப் படமாக்கியும் அன்றைய ரசிகர்கள் படத்தைக் கைவிட்டார்கள்.

கீட்டனின் படத்தை இயக்கியவர் கீட்டன்தான், புருக்மன் பெயருக்கு இருந்தவர் என்று சொல்வோர் உண்டு. அதில் பாதியை நானும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அடுத்த ஆண்டே ஹல் ரோச்சின் ஸ்டூடியோவில் லோரல், ஹார்டி என்ற நகைச்சுவை இணையை வைத்து அவர் இயக்கிய ‘தி பற்றில் ஒஃப் தி செஞ்சுரி’யைப் பார்த்த பிறகு மற்றப் பாதியை ஏற்க மனம் வரவில்லை. காப்புறுதிப் பணத்துக்காக லோரலை விழுத்த நினைத்து ஹார்டி வாழைப்பழத் தோலைப் போடுகிறார். அதில் வழுக்குபவரோ பை என்னும் கிறீம் பலகாரம் கொண்டுவரும் ஆள். பலகாரம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவி, தெரு முழுவதும் பரவுகிறது. பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்தவர்கூடத் தப்பவில்லை. இந்தச் சண்டைக்கு 3000 பைகள் போயின என்பார்கள். எனக்குப் பிடித்தது எறிதல் அல்ல. அனிற்றா கார்வின் என்ற நடிகை சந்தியைத் திரும்பி வந்து, நிலத்தில் கிடந்த ஒன்றின்மேல் வழுக்கி உட்கார்ந்துவிடுகிறார். என்ன நடந்தது என்று விளங்காமல் எழுந்து, மானம் போகாதபடி ஒரு காலை மட்டும் மெல்ல உதறிவிட்டு நடந்து போகிறார். அவ்வளவு ஆரவாரத்துக்கு நடுவே அந்த அடக்கத்துக்கு இடம் விடத் தெரிந்த படம் அது. அதன் இரண்டாம் படச்சுருள் நெடுங்காலம் முழுமையாகக் கிடைக்காமலிருந்து 2015இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

பேசும் படம் வந்ததும் இன்னொரு நகைச்சுவை நடிகரான ஹரோல்ட் லொயிட் புருக்மனை அழைத்துக்கொண்டார். 1932இல் வந்த ‘மூவி கிரேசி’ படத்தின் இயக்குநராக அட்டையில் புருக்மனின் பெயர் மட்டுமே இருக்கிறது; ஆனால் அக்காலத்தில் குடி அவரை மேற்கொண்டிருந்ததால் பெரும்பகுதியை லொயிட்டே பார்த்துக்கொண்டார். 1935இல் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் நடித்த ஒரு படத்தோடு இயக்குநர் நாற்காலி கைவிட்டுப் போனது. பிறகு கொலம்பியா ஸ்டூடியோவில் குறும்படங்களுக்கு எழுதினார். அங்கே எடுத்த, மூன்று கோமாளிகளின் ‘த்ரீ ஸ்டூஜஸ்’ படங்களைப் பார்த்துச் சிரித்த நம்மவர்கள் அவருடைய பகிடிக்கும் சிரித்திருப்பார்கள்.

வினை அங்கேதான் தொடங்கியது. ‘மூவி கிரேசி’யில் லொயிட் தவறுதலாக ஒரு மந்திரவாதியின் கோட்டைப் போட்டுக்கொண்டு நடனத்துக்குப் போய்விடுவார், கோட்டுக்குள்ளிருந்து முயலும் புறாவும் எலிகளும் வெளிவந்து சபையைக் கலக்கிவிடும். புருக்மன் இந்தக் கோட்டை 1942இல் ஸ்டூஜஸுக்கும், 1943இல் யுனிவர்சல் ஸ்டூடியோவின் படம் ஒன்றுக்கும் மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். லொயிட்டின் நிறுவனம் வழக்குப் போட்டது. யுனிவர்சல் வழக்கில் 40,000 டொலர் நட்டஈடு தீர்ப்பானது. 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நம் ஊர்த் திருவிழா நாடகங்களில் பபூன் வேடம் கட்டுபவர் போன வருடப் பகிடியைத்தான் இந்த வருடமும் சொல்வார். சொல்லாவிட்டால் சனம் கேட்டு வாங்கும். புருக்மனும் அந்த மனப்பாங்கில் வளர்ந்தவர் என்றே எனக்குப் படுகிறது. லொயிட்டின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை, அது அவர் காசு போட்டு எடுத்த காட்சி. ஆனாலும், கூட்டாக யோசித்த அறையில் இருந்த ஒருவரே அதைத் திருடினார் என்று தீர்ப்பாகும்போது ஏதோ உறுத்துகிறது.

வழக்குக்குப் பிறகு பெரிய ஸ்டூடியோக்கள் அவரிடமிருந்து விலகின. கீட்டனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும், பிறகு அபொட், கொஸ்டெல்லோ என்ற நகைச்சுவை இணையின் தொடருக்கும் எழுதினார். 1955 ஜனவரியில், 60 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பேணவேண்டிய படங்களுக்கான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘தி ஜெனரல்’ முதல் ஆண்டிலேயே, 1989இல், சேர்க்கப்பட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்கு அந்தக் கோட்டுக் காட்சியைக் காட்டினேன். எலிகள் ஓடியபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதை நான் வேற எங்கையோ பாத்திருக்கிறன்” என்றார். எந்தப் படம், எந்தத் தியேட்டர் என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.